துப்பாக்கி நீட்டி நிற்கும் 1/72 சிப்பாயைச் சேற்று மலையில் ஏற வைக்க வேண்டும்: கை வேலை தெரிந்தவர்கள் வாங்க

மூடுபனி (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்க தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்து பர்மா போய் வந்தவர். சண்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கேட்டால் "மழை, சேறு, மண்வெட்டி" என்று மூன்றே வார்த்தை சொல்வார். அந்த மூன்றையும் குட்டிப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஒரு பலகை மேல் கொண்டுவர வேண்டும் என்பது என் பல வருட ஆசை. இந்த மழைக்காலத்தில் தொடங்கிவிட்டேன்.

எடுத்துக்கொண்ட இடம் இம்பாலிலிருந்து பர்மாவின் டிடிம் போகும் மலைச்சாலை, காலம் 1944. இம்பால் முற்றுகை ஜூன் 22-ல் உடைந்த பிறகு, 5வது இந்திய டிவிஷன் கொட்டும் மழையில் அந்த ரோட்டிலேயே ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு தெற்கே போனது. டிடிமுக்குச் சற்று முன்னால் ஒரு ஏற்றம் வரும். 7 மைலில் 3,000 அடி, 38 கொண்டை ஊசி வளைவு. சேற்றின் நிறத்தைப் பார்த்து சிப்பாய்கள் அதற்கு 'சாக்லேட் படிக்கட்டு' என்று பெயர் வைத்தார்கள். நம்ம கல்லட்டி ரோட்டில் 36 வளைவு. மழையில் அதில் போனவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பலகை 20க்கு 15 செ.மீ. ஒரு வளைவு, சரிந்த மண், ஏறிப்போகும் ஒன்பது பேர், ஓரத்தில் மண் தள்ளும் இரண்டு பேர். கையில் இருப்பது 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) மென்பிளாஸ்டிக் பிரிட்டிஷ் 8வது ஆர்மி பெட்டி, பாலைவனப் படை. அத்தனை பேரும் அரை டவுசர், தட்டு ஹெல்மெட். ஒருவன் குறி பார்க்கிறான், ஒருவன் பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) ஓடுகிறான், ஒருவன் குண்டு எறிகிறான். சும்மா நடக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. இவர்களை முழுக்கால் சட்டை, ஸ்லவ்ச் தொப்பி (அகல விளிம்புத் தொப்பி) போட்டு, முதுகில் சுமையோடு மலையேற வைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

தேயிலைத்தூள் (கோத்தகிரி)

1/35-க்குப் போய்விடுங்களேன். அது கடின பிளாஸ்டிக், சிமென்ட் ஒட்டும், உப்புத்தாள் தேய்க்கலாம், தலை தனியாக, கை தனியாக வரும். மென்பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டி நான் ஒரு முழு வருடத்தை இழந்தேன்.

மூடுபனி

1/35-ல் ஒன்பது பேரையும் ஒரு வளைவையும் வைத்தால் பலகை சாப்பாட்டு மேஜை அளவுக்கு வரும். எனக்கு வேண்டியது மலை பெரிதாகவும் மனிதர்கள் சிறிதாகவும் தெரிவது. அதனால் 1/72-ஐ விட மனமில்லை.

கணக்கு வாத்தியார் (ஊட்டி)

அளவை முதலில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாச் சண்டையும் பாதியாகக் குறையும்.

ஐந்தரை அடி ஆள், அதாவது 168 செ.மீ., 1/72-ல் 23.3 மி.மீ. ஆறடி ஆள் 25.4. பெட்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறடிக்காரர்கள். நீங்கள் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்தால் உயரம் தானாகக் குறைந்துவிடும், அதற்காகக் காலை வெட்ட வேண்டாம். அந்தக் காலப் படையின் எஸ்.எம்.எல்.இ. ரைபிள் 113 செ.மீ., ஆகவே 15.7 மி.மீ. அதன் 1907 மாதிரி பயனெட்டின் அலகு மட்டும் 43 செ.மீ., ஆகவே 6 மி.மீ. 1937 மாதிரி வெப்பிங்கின் (சிப்பாயின் பெல்ட், வார், பை கொண்ட துணிப் பட்டைத் தொகுதி) இடுப்புப் பெல்ட் இரண்டேகால் அங்குல அகலம், அது 0.8 மி.மீ. ரைபிள் வார் ஒன்றேகால் அங்குலம், அது 0.45 மி.மீ. பெரும்பாலானோர் வாரை ஒரு மி.மீ. அகலத்தில் வெட்டி ஒட்டுகிறார்கள். ஒரு மி.மீ. என்றால் நிஜத்தில் 7 செ.மீ. அவ்வளவு அகலத்தில் எந்தச் சிப்பாயும் ரைபிளைத் தொங்கவிட்டதில்லை. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் 'பொம்மை மாதிரி இருக்கு' என்று சொல்லிவிடுவார்.

ஸ்லவ்ச் தொப்பிக்கும் இதே கணக்குதான். விளிம்போடு சேர்த்து 33 செ.மீ. என்று வைத்தால் 4.6 மி.மீ. வட்டம். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் 6 மி.மீ. வட்டம் தரும். அது அப்படியே வைத்தால் குடை. ஓரத்தைச் சுற்றிலும் சீவ வேண்டும்.

அருவங்காடு சுபேதார்

தம்பி, நான் பொம்மை செய்யத் தெரியாதவன். பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். வெலிங்டன் எம்.ஆர்.சி.யில் (மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம்) ரெக்ரூட்டாகச் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்க தாத்தா சாப்பர் என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

தொப்பி, பெல்ட் எல்லாம் அப்புறம். ஆள் எப்படி ஏறுகிறான் என்று முதலில் பாருங்க.

முதுகில் சுமை இருந்தால் உடம்பு இடுப்பிலிருந்து முன்னால் சாயும். கழுத்து மட்டும் நிமிர்ந்து நாலு அடி முன்னால் பார்க்கும். புதுசாகச் சேர்ந்தவன் உச்சியைப் பார்ப்பான், பழையவன் முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்ப்பான். ஏற்றத்தில் முன்கால் முழுப் பாதமும் பதியும், முழங்கால் மடங்கும், பின்கால் நீளும். நுனிக்காலில் யாரும் ஏற மாட்டான், பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சேறு என்றால் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பும், வாத்து மாதிரி. கை சும்மா தொங்காது. தோள் வாருக்குக் கீழே கட்டைவிரலைக் கொடுத்துச் சுமையைத் தூக்கிப் பிடிக்கும், இல்லாவிட்டால் முட்டியில் ஊன்றும்.

எஸ்டேட்டில் விறகுக் கட்டைத் தலையில் வைத்து ஏறி வரும் பெண்களைப் பாருங்க. தலைச்சுமை முதுகை நிமிர்த்தும். அதே ஆள் உர மூட்டையை முதுகில் போட்டு வந்தால் குனிந்து வருவார். இரண்டும் வேறு உடம்பு. உங்க சிப்பாய்க்கு வேண்டியது உர மூட்டை உடம்பு.

இன்னொன்று, மழையில் ரைபிளை எப்படித் தோளில் போடுவோம் தெரியுமா? வாய் கீழ்ப்பக்கம். குழலுக்குள் தண்ணீர் போகக்கூடாது. ஒன்பது பேரும் வாயை மேலே வைத்து மழையில் போனால், பார்க்கிற பட்டாளத்துக்காரனுக்கு வயிறு எரியும்.

கண்டோன்மெண்ட் பக்கம் போய் ரெக்ரூட் பசங்களைப் போட்டோ எடுக்காதீங்க, அது கூடாது. கண்ணால் பார்த்து வந்து வீட்டில் வரைந்து வையுங்க.

மூடுபனி

ஐயா, இதைப் படித்துவிட்டு மாலையில் எங்க லைன் வீடுகளுக்கு ஏறும் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் கண் முன்னால் நடந்தது. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து ஏறிய ஒரு அண்ணன், மூன்றாவது படியில் நின்று முட்டியில் கை ஊன்றினார். அதைத்தான் நான் நடுவில் நிறுத்தப் போகிறேன்.

இரும்புக்கம்பி (மேட்டுப்பாளையம்)

மென்பிளாஸ்டிக் என்று நாம் சொல்வது பாலிஎத்திலீன். பால் கவர் குடும்பம். அதனால்தான் கரைப்பான் சிமென்ட் அதைத் தொடவே தொடாது, ஃபெவிக்விக் போட்டாலும் நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். இந்தப் பொருளில் பசை பிடிக்கும் என்று நம்பி வேலை செய்யவே கூடாது. கம்பிதான் பிடிக்க வேண்டும். பசை ஆடாமல் வைக்கத்தான் உதவும்.

நான் செய்கிற விதம் இது. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுவேன். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் பெயிண்ட் நிற்கும். அச்சுக் கோட்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, பஞ்சு மாதிரி நார் எழும்பும். புது பிளேடு போட்ட கத்தியால் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் மாற்றிவிடுங்கள். ஒரு பெட்டிக்கு எனக்கு ஐந்தாறு பிளேடு ஆகும், அதில் கஞ்சம் பார்த்தால் ஆள் பாழ்.

தலை மாற்ற, காலருக்குச் சரியாக மேலே வெட்டுங்கள். கழுத்தின் நடுவில் சூடு செய்த ஊசியால் ஒரு குழி, தலையிலும் ஒரு குழி. மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரைப் பிரித்தால் கிடைக்கும் செம்பு இழை மெல்லியது, தலைக்கு அது போதும். கால், இடுப்புக்கு ஸ்டேப்ளர் பின் கம்பி, அரை மி.மீ. வரும். ஊசி அதிகம் சூடானால் பிளாஸ்டிக் உருகி வாய் அகன்றுவிடும். புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்போது நடை. ஓடுகிற ஆளின் கால்கள் உங்களுக்குத் தங்கம். குறி பார்க்கிறவனின் இடுப்புக்கு மேல் பகுதி பயன்படாது, ஓடுகிறவனின் இடுப்புக்குக் கீழ் பயன்படும். பெல்ட் கோட்டில் இருவரையும் வெட்டி மாற்றிப் பொருத்துங்கள். வெட்டு பெல்ட்டின் அடியில் ஒளிந்துகொள்ளும். பொருத்தும்போது மேல் உடம்பை நேராக வைக்காமல் முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து, எந்தக் கால் தாங்குகிறதோ அந்தப் பக்க இடுப்பை ஒரு முடியளவு உயர்த்துங்கள். சுபேதார் ஐயா சொன்ன உடம்பு வருவது அந்த ஒரு முடியளவில்தான்.

மூடுபனி

வளைப்பதற்குச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். நான் செய்தேன். காலையில் பார்த்தால் பழையபடி நிமிர்ந்து நிற்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்

மலையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டீர்கள். 300 மீட்டர் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்கும். குன்னூர் 1,850 மீட்டர், ஆகவே உங்கள் வீட்டுத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர்கள் அரை நிமிடம் என்று சொன்னால் நீங்கள் ஒன்றரை நிமிடம் வையுங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்காமல், கொதித்துக்கொண்டிருக்கும்போதே போடுங்கள். இறக்கி மேஜைக்குக் கொண்டு வருவதற்குள் நம்ம குளிரில் 85-க்கு வந்திருக்கும்.

இரும்புக்கம்பி

அதோடு, பாலிஎத்திலீனுக்குப் பழைய உருவம் ஞாபகம் இருக்கும். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்தால் திரும்பி வந்து சரியான இடத்தில் நிற்கும். முழங்காலில் பின்பக்கம் ஒரு சின்ன ஆப்பு வெட்டி எடுத்துவிட்டு மடக்குங்கள், உள்ளே கம்பி கொடுங்கள். அப்புறம் அது எங்கும் போகாது.

நூல்கண்டு (குன்னூர்)

பெட்ஃபோர்ட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பையன் இந்தப் பொம்மைகளைச் செய்கிறவன். துணி விஷயம் என்பதால் நானும் சொல்கிறேன்.

புட்டீஸுக்கு (காலில் சுற்றும் துணிப் பட்டை) பிசைந்த புட்டி வைத்து ஊசியால் கோடு இழுக்காதீர்கள், வட்டம் வட்டமாக வளையல் மாதிரி வரும். நிஜத் துணி சரிவாகச் சுற்றும். சாதாரணத் தையல் நூலை எடுத்து, தேன்மெழுகுக் கட்டி மேல் இரண்டு முறை இழுங்கள். அந்த மெழுகு இல்லாமல் சுற்றினால் நூலின் பிசிர் நிற்கும், பெயிண்ட் அடித்ததும் ஆள் காலில் முடி முளைத்த மாதிரி ஆகிவிடும். கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தினதின் பாதியை மூடும்படி மேலே போங்கள். குட்டைப் புட்டீஸ் என்றால் நாலு சுற்று போதும். நூல் முனை காலின் வெளிப்பக்கம் முடியட்டும். வலது காலுக்கும் இடது காலுக்கும் சுற்றும் திசை எதிரெதிராக இருக்க வேண்டும். இரண்டு காலையும் ஒரே திசையில் சுற்றிய பொம்மைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ரைபிள் வாருக்கு மெல்லிய அலுமினியத் தாளை அடுப்புத் தணலில் ஒரு விநாடி காட்டுங்கள். விறைப்பு போய் இளகிவிடும், தொங்கவிட்டால் தொங்கும். அடுப்பில் காட்டாத தாள் ஸ்பிரிங் மாதிரி எழும்பி நிற்கும். வெட்டக் கத்தரி வேண்டாம், ஓரம் சுருளும். கண்ணாடி மேல் வைத்து, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஒரே அழுத்து.

கால்சட்டை மடிப்பு பற்றிப் பையன் கேட்பதையே உங்களுக்கும் சொல்கிறேன். மடிப்பு எங்கிருந்தோ வராது, ஒரு இழுப்பிலிருந்து வரும். மடங்கிய முழங்காலில் பின்பக்கம் துணி நெருங்கும், முன்பக்கம் நீட்டிப் பிடிக்கும். இடுப்புக் கவட்டிலிருந்து தாங்கும் காலின் பக்கம் இரண்டு கோடு. புட்டீஸுக்குள் செருகிய இடத்துக்கு மேல் துணி பையாகத் தொங்கும். ஈரமானால் அந்தப் பை இன்னும் கீழே இறங்கும். இந்த நாலு இடம் சரியாக இருந்தால் மற்ற இடத்தில் ஒன்றுமே வேண்டாம், வழுவழுவென்று விடுங்கள்.

மூடுபனி

அக்கா, மிக்க நன்றி. அரை டவுசருக்கும் சாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் முழங்காலை எம்-சீல் புட்டி வைத்து மூடிக்கொண்டிருக்கிறேன். மடிப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் கீறி வைத்திருந்தேன். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டேன்.

தேயிலைத்தூள்

எம்-சீல் பற்றி என் அனுபவம். இரண்டு பகுதியையும் சம அளவில், நிறம் முழுக்க ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும். நம்ம ஊர்க் குளிரில் அது இறுக நேரம் பிடிக்கும், அது நமக்கு நல்லதுதான், ஊசி வேலைக்கு அவகாசம் கிடைக்கும். ஊசியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்யுங்கள். ஒரே தடவையில் தொப்பி, பை, கால் எல்லாம் செய்யப் பார்த்தால் ஒன்றைப் பிடிக்கும் விரல் இன்னொன்றை நசுக்கும். ஒரு நாளைக்கு ஒரு இடம். மறுநாள் அடுத்தது.

மென்பிளாஸ்டிக்கில் புட்டியும் தானாக ஒட்டாது. வைக்கும் இடத்தில் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். கால்சட்டை மாதிரி முழுக்கச் சுற்றி வருவது தானே பிடித்துக்கொள்ளும். முதுகுப் பை மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வேண்டியதற்கு உள்ளே ஒரு குட்டிக் கம்பி நீட்டி வையுங்கள்.

மூடுபனி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நல்லதும் கெட்டதும் நடந்திருக்கிறது.

ஒன்பது பேரில் ஏழு பேருக்கு உடம்பு முடிந்தது. முட்டியில் கை ஊன்றும் ஆள் நான் நினைத்ததைவிட நன்றாக வந்தார். குண்டு எறிகிறவனின் வலது கையைத் தோளில் வெட்டித் திருப்பி, முழங்கையை மடக்கி, விரல்களை முட்டி மேல் படிய வைத்தேன். பிடித்திருந்த குண்டைச் சீவி எடுத்ததில் உள்ளங்கை தட்டையானது, அது ஊன்றுவதற்கு வசதியாகவே இருந்தது.

மண்வெட்டிக்காரர்கள் இருவருக்கும் பயனெட் குத்துகிறவனின் உடம்பு அப்படியே பொருந்தியது. குத்துவதும் மண்ணில் செருகுவதும் ஒரே அசைவு. ரைபிளை வெட்டி எடுத்து, 14 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பியில் தகட்டுத் துண்டு ஒட்டிக் கொடுத்தேன்.

கெட்டது: மழை ஓயாத ஒரு மாலையில் பொறுமையில்லாமல் ஸ்பிரே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தேன். மூன்று பேர் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்துவிட்டது. தேய்த்தால் பொடியாக வருகிறது. ஃபெவிக்விக் போட்ட கழுத்துகளைச் சுற்றியும் வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. அந்த மூன்று பேருக்குத்தான் நான் அதிகம் உழைத்திருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இரும்புக்கம்பி

கவலைப்படாதீர்கள், ஆள் போகவில்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் பெயிண்டுக்குள் படியும், அதனால் வெளுக்கும். ஃபெவிக்விக்கோ ஈரத்தால்தான் இறுகுகிறது. அதன் ஆவியும் காற்று ஈரத்தைப் பிடித்து வெள்ளையாகப் படியும். பசையைக் குறைத்து, ஊசி முனையில் தொட்டு வைத்தால் புகை வராது. படிந்ததைப் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்து எடுங்கள், மீதியைப் பெயிண்ட் மூடிவிடும்.

மலைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் ஸ்பிரே வேண்டாம் என்பது என் கருத்து. ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பிரஷால் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, முழு இரவு காய விடுங்கள். காய்ந்தபின் அது தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். மென்பிளாஸ்டிக் வளையும்போது மேலே இருப்பதும் வளைய வேண்டும், இல்லாவிட்டால் ரைபிள் நுனியிலும் கணுக்காலிலும் பெயிண்ட் உதிரும். அதன் மேல் அக்ரிலிக்.

தேயிலைத்தூள்

பெயிண்ட் என்றதும் எனக்கு மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு முக்கியம்.

'தோல் நிறம்' என்று எழுதிய பாட்டில் வாங்கினால் உள்ளே இருப்பது வெள்ளைக்காரரின் தோல். முதல் தடவை அதை அடித்து, மேலே பிரவுன் வாஷ் (நீர்த்த பெயிண்ட்) ஓட்டினேன். அழுக்கான வெள்ளைக்காரர் வந்தாரே தவிர என் சித்தப்பா வரவில்லை. பர்மாவில் இருந்த 14வது ஆர்மியில் பெரும்பாலானோர் இந்தியர்கள். அவர்கள் முகம் சரியாக வராவிட்டால் தொப்பியும் வெப்பிங்கும் சரியாக இருந்து என்ன பயன்?

இப்போது நான் செய்வது: பர்ண்ட் அம்பரும் (கரும்பழுப்பு) பர்ண்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) சம அளவு, அதில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). இதுதான் அடி. ஒவ்வொருவருக்கும் இந்த மூன்றின் அளவைக் கொஞ்சம் மாற்றுங்கள், ஒன்பது பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். வெளிச்சம் விழும் மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, காது மடலுக்கு ஓக்கரும் ஒரு துளி ஆரஞ்சும் சேருங்கள். வெள்ளையைச் சேர்க்கவே கூடாது, கறுத்த தோலில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகும், உயிர் போய்விடும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரில் கொஞ்சம் ஊதா. உள்ளங்கை வெளுப்பாக இருக்கட்டும், மண்வெட்டி பிடிக்கும் கையில் விரல் இடுக்கில் அது தெரிந்தால் பார்க்கிறவருக்கு உடனே நம்ம ஆள் என்று புரியும். 1/72-ல் கண்ணுக்கு வெள்ளை வைக்காதீர்கள். 23 மி.மீ. ஆளின் கண் வெள்ளை நம் கண்ணுக்குத் தெரியாது, வைத்தால் பயந்து விழிக்கிற மாதிரி இருக்கும். புருவத்துக்குக் கீழே ஒரு இருட்டு, அது போதும். தொப்பி விளிம்பின் நிழல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அருவங்காடு சுபேதார்

கோத்தகிரித் தம்பி சொன்னது நெஞ்சைத் தொட்டது. வெயிலில் வேலை செய்கிறவனுக்குப் பின் கழுத்தும் முன்கையும் இன்னும் கறுத்திருக்கும், தொப்பிக்குக் கீழே நெற்றி கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். முடிந்தால் வையுங்க.

சேறு எங்கே படியும் என்பதும் முக்கியம். உள்பக்கக் கணுக்காலிலும், பின் கெண்டைக்காலிலும் அதிகம், ஏனென்றால் அடுத்த கால் தெறிக்கும். விழுந்து எழுந்தவனுக்கு ஒரு முட்டியிலும் அதே பக்க உள்ளங்கையிலும். ஒன்பது பேருக்கும் ஒரே உயரத்தில் வெள்ளை அடித்த மரம் மாதிரி சேறு பூசாதீங்க. முன்னால் போகிறவனுக்குக் குறைவு, கடைசியில் வருகிறவனுக்கு அதிகம். எட்டுப் பேர் மிதித்த சேற்றில்தான் அவன் நடக்கிறான்.

மழையில் தோளும் முதுகுப் பையின் மேல்பக்கமும் முதலில் நனையும், இருண்ட நிறமாகும். அக்குளுக்குக் கீழே கடைசி வரை காய்ந்திருக்கும்.

மூடுபனி

தரை வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே நம்ம ஊர் நமக்கு நிறையக் கொடுக்கிறது.

மரங்களுக்குப் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் வேரைப் பயன்படுத்தினேன். முறுக்கும் முடிச்சும் அளவு மாறாமல் அப்படியே காட்டு மரம். சோலைக் காட்டுக்குள் போய்ப் பாசியோ வேரோ எடுக்காதீர்கள், அது வனத்துறைக் காடு. வீட்டு மதிலில் படரும் பாசியே போதும். பாசியை ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து ஊற வைத்து நிழலில் உலர்த்தினேன், உடையாமல் இருக்கிறது.

சருகுக்கு டீ போட்ட தூள். இங்கேயும் ஒரு தப்பு செய்தேன். வெயில் இல்லாத வாரத்தில், கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததை நம்பி ஒட்டினேன். பத்து நாளில் பலகை முழுக்கப் பூஞ்சை. முழுவதையும் சுரண்டினேன். இரண்டாம் முறை இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்து, சல்லடையில் சலித்து, ஃபெவிக்கால் தண்ணீரில் சில துளி டெட்டால் சேர்த்து ஒட்டினேன். ஒரு மாதம் ஆகிறது, சுத்தமாக இருக்கிறது.

சேறு எங்க வீட்டு முற்றத்து மண்தான். டீ வடிகட்டியில் சலித்து, பிறகு நைலான் சாக்ஸில் சலித்தது. 1/72-ல் ஒரு மி.மீ. மணல் 7 செ.மீ. ஜல்லி ஆகிவிடும் என்பதால் மாவு மாதிரி இருக்க வேண்டும். ஃபெவிக்காலும் அம்பர் நிறமும் கலந்து மெல்லிய அடுக்காகப் போட்டேன். ஒரே தடவையில் தடிமனாகப் போட்ட மூலையில் வெடித்தது. ஆட்களை ஒட்டியபின் அவர்களின் பின்பக்கம், அவர்கள் வந்த வழியில், ஊசியால் கால் தடம் குத்தினேன். வெளிப்பக்கம் திரும்பிய தடம். கால் தடத்துக்குள் மட்டும் ஒரு துளி கிளாஸ் வார்னிஷ், தண்ணீர் தேங்கிய மாதிரி.

பாதத்தைத் தரையின் மேல் வைக்காதீர்கள், தரைக்குள் வையுங்கள். பெட்டியில் வரும் தட்டையான அடித்தட்டை வெட்டி எடுத்துவிட்டு, குதிகாலிலிருந்து கம்பி இறக்கி, சேறு ஈரமாக இருக்கும்போதே பூட்ஸ் பாதி மறையும்படி அழுத்தினேன். அதற்கு முன்னால் அவர்கள் மலை மேல் ஒட்டியிருந்தார்கள். அழுத்தியபின் ஏற ஆரம்பித்தார்கள்.

படங்கள் கீழே.

நூல்கண்டு

இரண்டாவது ஆளின் கால்சட்டைப் பை தொங்குவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சு அசல் ஈரத் துணி. கடைக்கு வந்தவர்களுக்கும் காட்டினேன்.

கணக்கு வாத்தியார்

ஆட்களுக்கு நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாம் 20 மி.மீ. அருகில். நாலாவது ஆள் நின்று முட்டியில் ஊன்றுகிறார் என்றால் அவருக்கு முன்னால் இடைவெளி விழும், பின்னால் வருகிறவர் நெருங்கிவிடுவார். ஐந்தாவது ஆளை முன்னால் தள்ளி, மூன்றாவதை மேலே ஏற்றிப் பாருங்கள்.

அருவங்காடு சுபேதார்

வாத்தியார் சொல்வது சரி. ஐந்தாவது ஆளின் கையை நாலாவதின் பையில் வைக்க முடியுமா? நின்றவனைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவோம். பேச மாட்டோம், பையில் கை வைத்தாலே அவன் நகர்ந்துவிடுவான்.

அப்புறம் ஏழாவது ஆளின் ரைபிள் வார் இன்னும் விறைப்பாக நிற்கிறது. ஈர வார் அப்படி நிற்காது.

மூடுபனி

ஐயா, ஐந்தாவது ஆளைச் சேற்றிலிருந்து எடுத்துவிட்டேன், கம்பி இருந்ததால் சேதம் இல்லாமல் வந்தார். இடது கையைத் தோளில் வெட்டி, முன்பக்கம் நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனி நாலாவது ஆளின் பை மேல் சரியாக விழுகிறது. கம்பி கொடுத்து, தோள் மடிப்புக்குப் புட்டி வைத்திருக்கிறேன். இறுகட்டும். மூன்றாவது ஆள் வளைவைத் தாண்டி மேலே போய்விட்டார். ஏழாவது ஆளுக்குப் புது வார் வெட்டி, அக்கா சொன்னபடி தணலில் காட்டித் தொங்கவிட்டாயிற்று. நாளைக் காலை பனி விலகியதும் படம் போடுகிறேன்.